சந்தர்ப்பவாதி என்று சொல்லும் முன்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கூட்டமைப்புச் செயலாளர் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வரவு செலவு வாசிச்சாச்சு. தணிக்கை அறிக்கை வாசிச்சாச்சு. அடுத்து ஏழாவது பொருள். அது என்னன்னு எல்லோருக்கும் தெரியும். நம்மை விட்டுப் போன நாலு குழுக்கள் திரும்பவும் கூட்டமைப்பில் சேர மனு கொடுத்திருக்காங்க. சேர்க்கலாமா வேண்டாமான்னு இன்னிக்கு முடிவு பண்ணணும்.

இந்த மனு வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை ஊரைச் சுத்திக்கிட்டு இருக்கு. ரேஷன் கடை வரிசையில் கேட்டேன். நூறு நாள் வேலை நடக்கிற வாய்க்கால் கரையில் கேட்டேன். செயற்குழுவிலும் கேட்டேன். "அவங்க சந்தர்ப்பவாதிங்க, சேர்க்காதீங்க." அந்த நாலு குழுவில் இருக்கிற 52 பேரையும் சேர்த்து ஒரே வார்த்தையில் கட்டிப் போட்டாச்சு. அவர்களில் சிலர் இந்த மண்டபத்தில் கடைசி வரிசையில் இருக்காங்க. அவங்களும் கேட்கட்டும்.

ஓட்டுக்கு விடுறதுக்கு முன்னாடி, இந்த வார்த்தையைப் பத்திக் கொஞ்சம் பேசணும்னு தலைவர் அக்காகிட்ட பதினைந்து நிமிஷம் கேட்டு வாங்கியிருக்கேன். ஒரு வார்த்தையை வச்சு 52 குடும்பத்துக்குக் கதவைச் சாத்தப் போறோம்னா, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சுக்கிட்டுச் சாத்துவோமே.

முதலில் வார்த்தையைப் பிரிச்சுப் பார்ப்போம். சந்தர்ப்பம் என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதன் பழைய பொருள் தொடுப்பது, கோத்துக் கட்டுவது. பூக் கட்டுறோமே, அது மாதிரி. ஒரு பூவுக்கு முன்னால் எது, பின்னால் எது என்பதுதான் சந்தர்ப்பம். அதனால்தான் "எந்தச் சந்தர்ப்பத்தில் அப்படிச் சொன்னார்?" என்று இன்னும் கேட்கிறோம். தமிழில் நாளடைவில் அது வாய்ப்பு, தக்க நேரம் என்ற பொருளுக்கும் வந்துவிட்டது.

அடுத்தது வாதம். உடனே முழங்காலைப் பிடிக்கிற வாதம்னு நினைச்சுச் சிரிக்கிறீங்க. அது வேற. இந்த வாதம் கொள்கை. சாதியே பெரிதென்பது சாதியவாதம். பழையதே சரி என்பது பழமைவாதம். அப்படியானால் சந்தர்ப்பவாதம் என்பது சந்தர்ப்பத்தையே கொள்கையாக வைத்துக்கொள்வது. கவனிங்க, சந்தர்ப்பத்தைப் பயன்படுத்துவது அல்ல. அதைத் தவிர வேறு கொள்கையே இல்லாமல் இருப்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு இருக்கு. அந்த வரப்பு எங்கேன்னு தெரியாமல் பேசுறதால்தான் இவ்வளவு சண்டை.

கிளை நூலகத்துக்குப் போய் இந்த வார்த்தையின் கதையைக் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். ஆப்பர்ச்சுனிசம் என்று ஆங்கிலத்தில் சொல்றாங்க. அதுக்கு வேர் லத்தீன் மொழியில். துறைமுகத்தை நோக்கி வீசுகிற காற்று என்று பொருள். கப்பல்காரர்கள் அந்தக் காற்றுக்குக் காத்திருப்பாங்க. அது வந்தால் பாயை விரிப்பாங்க. அதில் ஒரு கெட்டதும் இல்லை. நம்ம ஊர்ப் பழமொழியும் அதேதானே சொல்லுது? காற்றுள்ள போதே தூற்றிக்கொள். களத்தில் நெல் தூற்றினவங்களுக்குத் தெரியும், காத்து நம்ம நேரத்துக்கு வராது. வரும்போது முறத்தைத் தூக்கணும்.

அரசியலில் இது வசைச் சொல்லாக ஆனதற்கு பிரான்ஸ் நாட்டில் ஒரு கதை இருக்கு. 1870-களில் அங்கே கம்பெத்தா என்று ஒரு தலைவர். எல்லா மாற்றத்தையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம், நேரம் கனியும்போது ஒவ்வொன்றாகச் செய்வோம் என்றார். அவரையும் அவரோடு இருந்தவர்களையும் ஆப்பர்ச்சுனிஸ்ட் என்று எதிர்த்தரப்பினர் அழைச்சாங்க. அந்தப் பெயரே அவர்களுக்கு நிலைச்சுப் போச்சு. அந்தப் பிரிவினர் ஆட்சியில்தான் 1881, 1882 ஆண்டுகளில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆனது. அதே ஆட்சிதான் இன்னொரு பக்கம் மற்ற நாடுகளைப் பிடித்துக் குடியேற்ற நாடாக்கியதும். ஆக, ஒரே கூட்டத்தார், ஒரே பெயர். நல்லதும் செய்தார்கள், கெட்டதும் செய்தார்கள். பெயரை வைத்து எதையும் தீர்மானிக்க முடியவில்லை. செய்ததை வைத்துத்தான் தீர்மானிக்க முடிந்தது.

நம் நாட்டில் இந்த வார்த்தைக்கு உடனே நினைவுக்கு வருகிற ஆள் ஹரியானாவின் கயா லால். 1967-ல் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். அதிலிருந்துதான் "ஆயா ராம், கயா ராம்" என்ற பேச்சே வந்தது. வந்தாரு ராம், போனாரு ராம் என்று அர்த்தம். இப்படி மாறுகிறவர்கள் பெருகியதால்தான் 1985-ல் அரசியல் சட்டத்தின் 52-வது திருத்தமாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அவர் செய்ததில் என்ன தப்பு? மனசு மாறுவது தப்பில்லை. ஒரு கொள்கை சரியில்லைன்னு தோணினா மாறலாம், காரணத்தைச் சொல்லிட்டு மாறலாம். ஆனால் இரண்டு வாரத்துக்குள்ளே கொள்கை மூணு தடவை மாறுமா? மாறினது கொள்கை இல்லை, நாற்காலி இருக்கிற பக்கம்.

நேரம் பார்த்துச் செய்வதை நம் முன்னோர்கள் இழிவாகச் சொல்லவே இல்லை. ஆடிப்பட்டம் தேடி விதைன்னுதான் சொன்னாங்க. திருக்குறளில் 49-வது அதிகாரமே காலம் அறிதல்தான். பகலில் காக்கை கோட்டானை வெல்வதும், கொக்கு அசையாமல் காத்திருந்து சரியான நேரத்தில் மீனைக் கொத்துவதும் அதில் வருகின்றன. ஆனால் இன்னொன்றையும் பாருங்க. காலம் அறிதல் 49-வது அதிகாரம் என்றால், செய்ந்நன்றி அறிதல் 11-வது அதிகாரம், நடுவு நிலைமை 12-வது அதிகாரம். அது ரெண்டையும் கடந்துதான் இங்கே வந்து சேரணும்.

எது தப்பு என்பதற்கும் நம்மிடம் பழமொழி இருக்கு. "எரியிற வீட்டில் பிடுங்கினது லாபம்." "ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யாரு நான் யாரு." ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறது. அகராதியைப் புரட்டாமலே நம்ம ஆத்தாமார்கள் வரப்பைப் போட்டு வச்சிருக்காங்க. காத்து வந்தா தூத்திக்கோ. பக்கத்து வீடு எரியும்போது பிடுங்காதே.

இப்போ இந்த வார்த்தையை யார் மேல் போடுறோம் என்பதைப் பார்ப்போம். அறுவடை நேரத்தில் விலை விழும்போது நெல்லை வாங்கிக் குடோனில் போட்டு, ஆறு மாசம் கழிச்சு விக்கிறவரை யாரும் சந்தர்ப்பவாதின்னு சொல்றதில்லை. "வியாபார சூட்சுமம் தெரிஞ்சவரு" என்கிறோம். ஊரில் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போனால் "கெட்டிக்காரப் பையன்". அதே, கணவனை இழந்த ஒரு பொண்ணு குழுவில் சேர்ந்து மூணாவது மாசம் கடன் கேட்டால், "கடனுக்குத்தானே வந்தா, சந்தர்ப்பவாதி." கடனுக்கு வராமல் வேற எதுக்கு வருவா? பசிக்குத்தானே சோத்துப் பானையைத் திறக்கிறோம்?

உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 73-வது திருத்தம் சொன்னது. 1996 தேர்தலில் தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கு வந்தது. 2016-ல் அது பாதி இடமாக உயர்த்தப்பட்டது. நம்ம குழுக்களிலிருந்து வார்டு உறுப்பினராக நின்றவர்களைப் பத்தி அப்போ என்ன பேசினாங்கன்னு மறந்திருக்க மாட்டீங்க. "குழுவை வச்சுப் பேர் வாங்கிட்டு இப்போ ஓட்டுக்கு வந்துட்டா." இருபது வருஷம் கட்சிக் கொடி பிடிச்ச ஆம்பளை நின்னா அது உழைப்பு. பத்து வருஷம் மாசக் கூட்டம் நடத்தி, கணக்கு எழுதி, வங்கிக்கு நடந்த பொம்பளை நின்னா அது சந்தர்ப்பவாதமா? வாய்ப்பே இல்லாமல் இருந்தவங்களுக்கு வாய்ப்பு வரும்போது, அதைப் பிடிச்சுக்கிறதையே குற்றமாக்குகிற வேலைக்கு இந்த வார்த்தை ரொம்ப வசதியாக இருக்கு.

அப்படின்னா சந்தர்ப்பவாதம்னு ஒன்று இல்லவே இல்லையா? இருக்கு. நாம எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கோம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறினது. விடிஞ்சு பார்த்தா நம்ம பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நின்ன தென்னையெல்லாம் படுத்துக் கிடந்தது. பிள்ளை மாதிரி வளர்த்த மரம். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் நடந்ததில் சிலதை மட்டும் பக்கத்துப் பக்கத்தில் வச்சுப் பாருங்க.

மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏத்த ஜெனரேட்டர் கொண்டு வந்தவங்க ரெண்டு பேர். ஒருத்தர் டீசல் காசு, ஆள் கூலி, வண்டி வாடகை எவ்வளவுன்னு சொல்லி அதை வாங்கினார். எல்லாத் தெருவுக்கும் ஒரே கணக்கு. இன்னொருத்தர் தெருவுக்குத் தெரு விலை மாத்தினார். எந்தத் தெருவில் கைக்குழந்தைகள் அதிகமோ அங்கே விலை அதிகம். ரெண்டு பேரும் காசு வாங்கினாங்க. ரெண்டு பேருக்கும் அது சந்தர்ப்பம்தான். ஆனால் ஒருத்தரைத்தான் இன்னிக்கும் நாம மரியாதையாக நினைக்கிறோம்.

விழுந்த மரத்தை, "அப்புறப்படுத்தவே உங்களுக்குச் செலவாகும், நாங்களே எடுத்துக்கிறோம்"னு சொல்லிக் கிட்டத்தட்ட சும்மா ஏத்திக்கிட்டுப் போன லாரிகளும் வந்தது. அதே சமயம் நம்ம மூணு குழுக்காரங்க என்ன செஞ்சாங்க? மக்கிப் போகிறதுக்குள்ளே மட்டையைச் சேர்த்துக் கீற்று முடைஞ்சாங்க, ஈர்க்கு எடுத்து விளக்குமாறு கட்டினாங்க. கூரை போனவங்களுக்குக் கீற்று வேணும். வேலை போனவங்களுக்குக் கூலி வேணும். புயலால் வந்த வாய்ப்புதான் அது. அந்தக் காசில் யாருடைய கண்ணீரும் இல்லை.

இதையெல்லாம் வச்சுப் பார்த்தால் எனக்கு மூணு கேள்வி போதும்னு தோணுது.

முதல் கேள்வி: அந்த லாபத்துக்கான செலவை யார் கொடுத்தது? தன் உழைப்பும் தன் துணிச்சலும் என்றால் அது வாய்ப்பைப் பயன்படுத்தியது. வழியில்லாமல் நின்ற இன்னொருத்தரின் கஷ்டம்தான் செலவு என்றால் அது எரியிற வீட்டில் பிடுங்கினது.

இரண்டாவது கேள்வி: கொடுத்த வாக்கு என்ன ஆச்சு? நேற்றுவரை ஒன்று சொல்லி, கையெழுத்துப் போட்டு, இன்னிக்கு வசதி மாறினதும் அது ஞாபகமே இல்லாதது மாதிரி நடந்தால் அது சந்தர்ப்பவாதம்.

மூன்றாவது கேள்வி: வெளிப்படையாகச் செய்தாரா, மறைச்சுச் செய்தாரா? "எனக்கு இது தேவை, அதனால் போறேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகிறவர் சந்தர்ப்பவாதி ஆக மாட்டார். சந்தர்ப்பவாதிக்கு எப்பவும் ஒரு போர்வை வேணும். சேவை என்பார், கொள்கை என்பார், உங்க நல்லதுக்குத்தான் என்பார்.

இந்தக் கேள்விகளை நமக்குள்ளேயே ஒரு விஷயத்தில் போட்டுப் பார்ப்போம். 2021-ல் கூட்டுறவு வங்கிகளில் மகளிர் குழுக்கள் வாங்கிய கடனுக்குத் தள்ளுபடி வந்தது. தள்ளுபடி கிடைச்சவங்க அதை வாங்கிக்கிட்டது தப்பில்லை. அரசு கொடுத்தது, தகுதி இருந்தது, வாங்கினாங்க. ஆனால் அதுக்கப்புறம் சிலபேர், "அடுத்த தேர்தலுக்கும் தள்ளுபடி வரும், இப்போ கட்டாதே"ன்னு கையில் காசை வச்சுக்கிட்டே தவணையை நிறுத்தச் சொல்றாங்க. முதல் கேள்வியைக் கேளுங்க. செலவு யாருக்கு? அதே குழுவில் ஒழுங்காகக் கட்டுகிற மத்த பெண்களுக்கு. குழு வாராக்கடன் பட்டியலுக்குப் போனால் அடுத்த கடன் அவங்களுக்கும் கிடையாது. ரெண்டாவது கேள்வி, வாக்கு? கடன் பத்திரத்தில் கையெழுத்து நம்மளோடது. இதைச் சாமர்த்தியம்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை.

இப்போ ஏழாவது பொருளுக்கு வரேன். நாலு குழுக்கள்.

அன்னிக்கு நிலைமையைச் சொன்னால்தான் சந்தர்ப்பம் புரியும். புயலுக்கு அப்புறம் கூட்டமைப்பின் சமுதாய முதலீட்டு நிதி முழுக்க ஏற்கெனவே கடனாக வெளியில் இருந்தது. திரும்பி வர வழியில்லை. கையில் இருப்பு கிட்டத்தட்ட இல்லை. வங்கிக் கடனுக்கு மனுப் போட்டால் மாசக் கணக்கு. வீட்டுக் கூரை அதுவரை காத்திருக்காது. 2019 பொங்கல் முடிஞ்ச கையோடு தனியார் நுண்கடன் நிறுவனங்கள் வீடு தேடி வந்தாங்க. ஆதார் அட்டை, போட்டோ, அஞ்சு பத்துப் பேர் சேர்ந்தால் போதும். தலைக்கு 30 ஆயிரம். சேமிப்பு கிடையாது, உள்கடன் கிடையாது, தீர்மானப் புத்தகம் கிடையாது. வாரா வாரம் தவணை. ஒருத்தி கட்ட முடியலைன்னா மத்தவங்க போட்டுக் கட்டணும். கட்டி முடிக்கிற வரைக்கும் கூட்டத்தை விட்டு எழுந்திருக்க முடியாது.

அவங்க எப்படி இவ்வளவு சுலபமாக உள்ளே வந்தாங்க? நாம பல வருஷம் கூட்டம் கூடி, தவணை கட்டிப் பழகி வச்சிருந்ததால். 1989-ல் தர்மபுரியில் தொடங்கி, தமிழ்நாடு முழுக்கப் பொம்பளைங்க சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பழக்கம் அது. ஆந்திராவிலும் இதேதான் நடந்தது. குழுக்கள் வேர் பிடிச்ச இடங்களில் நுண்கடன் நிறுவனங்கள் வந்து குவிஞ்சு, ஒருத்தருக்கே நாலைந்து கடன் கொடுத்து, வசூல் நெருக்கடி தாங்க முடியாமல் போய், கடைசியில் 2010-ல் அந்த மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. யாரோ நட்டுத் தண்ணி ஊத்தின மரத்தில் காய் பறிக்கிறதுக்கு என்ன பேருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் ஒரு செய்தி. இப்போது ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாசம் கட்டுகிற தொகை, அந்தக் குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னாடியோ, மாலை 6 மணிக்கு மேலயோ கூப்பிடக் கூடாது. ராத்திரியில் வாசலில் வந்து உட்கார்ந்தால் இதைச் சொல்லுங்க. குழுவில் சொல்லுங்க, நாங்க கூட வர்றோம்.

சரி, நாலு குழுவையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் தனித்தனியாகப் பார்ப்போம். கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்றேன்.

முதல் இரண்டு குழுக்கள் போகும்போது நமக்குக் கடிதம் கொடுத்திருக்காங்க. "கூரை போட வேறு வழியில்லை, வாரத் தவணை கட்டிக்கிட்டு இங்கே மாதக் கூட்டத்துக்கும் வர முடியாது, மன்னிக்கணும்"னு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நம்மிடம் வாங்கின கடன் பாக்கியை 2020 கொரோனா ஊரடங்குக்கு முன்னாடியே முழுசாகக் கட்டியிருக்காங்க. மூணு கேள்வியையும் கேளுங்க. செலவு அவங்களோடது. வாக்கைக் காப்பாத்தியிருக்காங்க. வெளிப்படையாகப் போயிருக்காங்க. இவங்களைச் சந்தர்ப்பவாதின்னு சொன்னால், வெள்ளத்தில் கட்டையைப் பிடிச்சவனையும் அப்படித்தான் சொல்லணும்.

மூணாவது குழு சொல்லாமல் போனது. 18 ஆயிரம் ரூபாய் பாக்கி. ஆனால் மனுவிலேயே அந்தப் பாக்கியை ஒப்புக்கிட்டு, பத்துத் தவணையில் கட்டுறோம்னு எழுதியிருக்காங்க. முதல் தவணையையும் போன மாசம் கட்டியிருக்காங்க. ரெண்டாவது கேள்வியில் இவங்க தடுக்கி விழுந்தவங்க. எழுந்திருக்கவும் பார்க்கிறாங்க. நாம கை கொடுக்கலாம், ஆனால் பாக்கியைத் தள்ளுபடி செய்யக் கூடாதுங்கிறது என் கருத்து.

நாலாவது குழுவில்தான் சிக்கல். அந்தக் குழுவின் அன்றைய பிரதிநிதி, குழுவைக் கலைச்சுக் கொண்டுபோய் நிறுவனத்தில் சேர்த்ததுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு பணம் வாங்கினதாக அந்தக் குழுப் பெண்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. அவங்ககிட்ட அப்போ, "கூட்டமைப்பு மூழ்கிடுச்சு, உங்க சேமிப்பு திரும்பி வராது"ன்னு சொல்லப்பட்டிருக்கு. இது உண்மையானால் மூணு கேள்வியிலும் பதில் ஒன்றுதான். செலவு நம்பின பெண்களுக்கு. வாக்கு போச்சு. செய்தது போர்வைக்குள்ளே. அதைச் சந்தர்ப்பவாதம்னு சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் "உண்மையானால்" என்ற வார்த்தையைக் கவனிங்க. அந்த அக்கா பக்கத்து நியாயத்தை இன்னும் யாரும் கேட்கலை. கூப்பிட்டு, உட்கார வச்சு, புத்தகத்தை முன்னால் வச்சுக் கேட்கணும். ரேஷன் கடை வரிசை அதுக்கு இடம் இல்லை. ஒருத்தர் செய்ததுக்கு அந்தக் குழுவின் மத்த 12 பேரையும் சேர்த்துத் தண்டிக்கவும் கூடாது. ஏமாந்தவங்களுக்கும் ஏமாத்தினவங்களுக்கும் ஒரே பேரா?

இங்கேயே இருந்தவங்க சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாங்க. அதுக்குப் பதில் சொல்லாமல் போனால் நான் நியாயமாகப் பேசினவள் ஆக மாட்டேன். "கஞ்சி குடிச்சுக்கிட்டுச் சேமிப்பு போட்டோம். கொரோனாவில் மாஸ்க் தைச்சுத் தவணை கட்டினோம். எங்களாலதான் கூட்டமைப்பு தரம் உயர்ந்து இன்னிக்குப் பெருங்கடன் வருது. வர்ற நேரம் பார்த்து அவங்க வந்து பந்தியில் உட்காருவாங்களா?"

இந்தக் கோபம் நியாயமான கோபம். அது பொறாமை இல்லை. நாலாவது வீடு எரிஞ்சபோது வாளி தூக்கினவங்களின் கோபம். அதனால் சேர்ப்பதற்கு நிபந்தனை வேணும். அந்த நிபந்தனை, இருந்தவங்களின் உழைப்புக்கு மரியாதை செய்யணும். வந்தவங்களையும் அவமானப்படுத்தக் கூடாது. செயற்குழு சார்பில் தீர்மானமாக இதை வைக்கிறேன்.

ஒன்று: நாலு குழுக்களையும் சேர்ப்பது. ஆனால் ஆறு மாதம் தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுதல், கணக்கு எழுதுதல் என்ற ஐந்தும் ஒழுங்காக நடந்த பிறகே கூட்டமைப்புக் கடனுக்கு மனுச் செய்யலாம். பஞ்ச சூத்திரம் புதுக் குழுவுக்கு எப்படியோ இவங்களுக்கும் அப்படியே.

இரண்டு: இந்த ஆண்டு வரும் பெருங்கடனில் முதல் வரிசை, புயலிலும் ஊரடங்கிலும் கூடவே இருந்த குழுக்களுக்கு.

மூன்று: பழைய பாக்கி ஒரு ரூபாயும் தள்ளுபடி இல்லை. தவணை உண்டு.

நான்கு: நாலாவது குழுவின் முன்னாள் பிரதிநிதி பற்றிய புகாரை மூன்று பேர் கொண்ட குழு ஒரு மாதத்துக்குள் விசாரிக்கணும். அவர் பேச வாய்ப்புக் கொடுக்கணும். முடிவு வரும்வரை அவர் பொறுப்பு எதுவும் வகிக்கக் கூடாது.

ஐந்து: நம் தீர்மானப் புத்தகத்தில் யாரைப் பற்றியும் சந்தர்ப்பவாதி என்று எழுதக் கூடாது. என்ன செய்தார், எந்தத் தேதியில் செய்தார், எவ்வளவு தொகை என்று எழுதலாம். அது ரெண்டும் ஒன்றில்லை. தொகையை எழுதினால் அவர் கட்டித் தீர்க்கலாம், அல்லது கணக்கு தப்புன்னு வாதாடலாம். வசையை எழுதினால் அதை எந்தத் தவணையிலும் கட்டித் தீர்க்க முடியாது. பேரப்பிள்ளைகள் காலம்வரைக்கும் அது வட்டி போட்டுக்கிட்டே இருக்கும்.

ஒரு விஷயம் சொல்லி முடிச்சுக்கிறேன். பொம்பளைங்களுக்கு வாய்ப்பு அடிக்கடி வராது. வரும்போது பிடிங்க, வெட்கப்படாமல் பிடிங்க. பயிற்சி வந்தால் போங்க. தேர்தல் வந்தால் நில்லுங்க. கடன் வந்தால், கட்ட முடியும்னா வாங்குங்க. யாராவது சந்தர்ப்பவாதின்னு சொன்னால் பயந்து கையை இழுத்துக்காதீங்க. மூணு கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கோங்க. செலவு யாருக்கு, வாக்கு என்ன ஆச்சு, வெளிப்படையாகச் செய்தேனா. மூணுக்கும் நல்ல பதில் இருந்தால் தலை நிமிர்ந்து நடங்க. ஒன்றில் பதில் இல்லைன்னா, ஊர் பாராட்டினாலும் கொஞ்சம் நின்னு யோசிங்க.

புயலுக்கு அப்புறம் நட்ட தென்னம்பிள்ளைகள் இப்போதான் பாளை விடுது. அந்த நாலு குழு வீட்டுக் கொல்லையிலும் விடுது, நம்ம கொல்லையிலும் விடுது. தீர்மானத்தை வாசிக்கத் தலைவர் அக்காவை அழைக்கிறேன். சரின்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க. இல்லைன்னு நினைக்கிறவங்களும் தைரியமாகத் தூக்குங்க, காரணத்தைச் சொல்லுங்க, அதையும் புத்தகத்தில் எழுதுவோம்.